இரத்தத்தில் இருந்தது, எலும்பில் இல்லை

அடுத்த அறையிலிருந்து குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டதும் செண்பகம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்வது? ரத்தம் எடுக்கும் அறைக்குள் தாய்மாரை விடுவதில்லை. ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் தாய் மயங்கி விழ, குழந்தையை விட்டுவிட்டுத் தாய்க்குத் தண்ணீர் தெளித்த கதைகள் கவரைப்பேட்டையின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நிறைய உண்டு. மூடிய கதவில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றாள். அந்தப் பக்கம் துடிப்பது அவள் வயிற்றில் கிடந்த உயிர் என்று கதவுக்குத் தெரியுமா?

அலறல் மெல்ல விம்மலாயிற்று. ஹெலனின் குரல் கேட்டது.

"அவ்ளோதான்டி என் பட்டு, முடிஞ்சிச்சு. நரம்பாடி இது, தையல் நூலு மாரி கீது!"

கதவு திறந்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஹெலன், தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. உட்காருவாள், சிரிப்பாள், அத்தை என்பாள். நிற்க மட்டும் மாட்டாள். தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு செம்பை வைக்கலாம் போல இடைவெளி விடும். மணிக்கட்டுகள் வளையல் ஏறாதபடி வீங்கியிருந்தன.

"இன்னாக்கா, கொழந்த வாயெல்லாம் ஆரஞ்சு வாசன அடிக்குது? ஊசி போடப் போறாங்கன்னு மிட்டாய் குடுத்து இட்டாந்தியா?"

செண்பகம் முந்தானையால் குழந்தையின் வாயை அவசரமாகத் துடைத்தாள்.

"ஆமா. அழுதுக்கினே இருந்துச்சு. ஆரஞ்சு மிட்டாய்."

"பல்லே ரெண்டுதான் மொளைச்சிக்கீது. அதுக்குள்ள மிட்டாயா? நல்ல அம்மாதான் போ!" என்று ஹெலன் சிரித்தாள்.

செண்பகமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வரவழைக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

திருவாலங்காட்டில் பிறந்தவள் செண்பகம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் மகன் சின்னராசு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த வருடமே கல்யாணம். "வெளியில குடுத்தா எப்பிடி வெச்சிக்குவாங்களோ, நம்ப ரத்தம்னா நம்பள விட்டுக் குடுக்காது" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அதே ரத்தம்தான் பிறகு அவள் குடும்பத்தின் பேச்சாகப் போகிறது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சின்னராசுவின் அக்கா சுமலதா. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனை விபத்தில் இழந்தவள், பிள்ளை கிடையாது. தன்ஷிகா பிறந்ததும் அவள் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. செண்பகம் வேலைக்குப் போக, குழந்தை முழுநாளும் அத்தையிடம்தான். குறை சொல்ல முடியாத வளர்ப்பு. வேளைக்குச் சோறு, வேளைக்குக் குளியல்.

ஆனால் வெயில் மட்டும் கிடையாது.

அந்தப் பக்கத்தில் வீடுகளின் கதவுகள் பகலில் திறந்திருக்காது. ஆலைகளின் கரித்தூள் காற்றில் வந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் துணி உலர்த்தினால் மாலையில் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டும். தரையைப் பெருக்கினால் முறத்தில் மை மாதிரி சேரும். "கதவச் சாத்துடி, கரி வருது" என்பதுதான் அந்த லைனில் அதிகம் கேட்கிற வாக்கியம். சுமலதா குழந்தையின் மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால்தான் கதவை மூடி, ஜன்னலுக்குத் துணி கட்டி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவளை வளர்த்தாள். அன்புதான் அந்தக் குழந்தையின் எலும்பைக் கரைத்தது என்றால் யார்மேல் கோபப்படுவது?

கால் வளைவதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வைட்டமின் டி சுத்தமா இல்லம்மா. எலும்பு மெழுகு மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, இது நல்லா ஆகிற வியாதி. இந்தச் சொட்டு மருந்தைத் தினமும் குடுங்க. காலையில கொஞ்சம் வெயில்ல காட்டுங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

நல்லா ஆகிற வியாதி! அந்த வார்த்தையைச் செண்பகம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். வெயில் இல்லாததால் வந்தது என்று சொன்னால், அது சுமலதாவைக் குற்றம் சொன்னதாகாதா? அண்ணி முகம் வாடிப் போகுமே. நாளைக்கே "ஒன் புள்ளைய நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டால் வேலைக்கு எப்படிப் போவது? ஆகவே, "சத்துக் குறைவாம் அண்ணி, மருந்து குடுத்துக்கீறாங்க. நானே குடுத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லி, பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

நானே குடுத்துக்கறேன் என்றவள் கொடுக்கவில்லை. விடியும் முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். சாயங்காலம் கொடுக்கலாம் என்று போவாள். சாயங்காலம் ஓவர்டைம். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது குழந்தை தூங்கியிருக்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பவா? நாளைக்குக் கொடுக்கலாம். இப்படியே நாளை, நாளை என்று மாதங்கள் ஓடின. பாட்டில் ஏறக்குறைய நிறைந்தபடியே இருந்தது. அவள் கெட்டவள் அல்ல, களைத்தவள். ஆனால் எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே!

சோதனை நாள் நெருங்கியபோது சின்னராசு குழந்தையின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு வெடித்தான்.

"மருந்து துன்ற புள்ள மாரியா கீது இது? நீ குடுக்குறியா இல்லியா?"

"குடுக்குறேன் மாமா."

"இன்னாத்த குடுக்குற? ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுபூடும். மருந்து இல்லன்னு மட்டும் வரட்டும், கொழந்த எங்க அக்காகிட்ட. நீ உங்க ஊட்டுக்குப் போய்க்கினே இரு. சும்மா சொல்லல."

சுமலதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

குழந்தையைப் பிரிவதா? செண்பகத்துக்கு அப்போது ஞாபகம் வந்தது கம்பெனியின் ஆடிட்.

பாட்டில் மூடிகள் செய்யும் கம்பெனி அது. ஓடிவரும் மூடிகளில் ஓரம் உடைந்தது, நிறம் மங்கியது எல்லாவற்றையும் பொறுக்கி ரிஜெக்ட் தொட்டியில் போடுவது அவள் வேலை. வருடத்தில் சில முறை ஆடிட் வரும். அதற்கு முந்தின வாரம் கம்பெனியே வேறு முகம் போட்டுக்கொள்ளும். தரையைப் பாலிஷ் போடுவார்கள். மாதக்கணக்கில் போடாத கையுறையைப் போடச் சொல்வார்கள். நல்ல மூடிகளாகப் பார்த்துப் பெட்டிகளில் மேலே அடுக்குவார்கள். வந்தவர்கள் மேலே இருப்பதை எடுத்துப் பார்த்து, "குட்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தருவார். ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. சோதிக்க வருகிறார்கள் என்றால் சரிசெய்து வைப்பதுதானே முறை?

ரத்தப் பரிசோதனையும் அவளுக்கு ஆடிட்டாகத்தான் தெரிந்தது. அதிலும் குழந்தைக்கு அல்ல, தாய்க்கு நடக்கிற ஆடிட்.

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தாள். அந்த வாரம் முழுக்கக் காலையிலும் மாலையிலும், தூங்கினாலும் எழுப்பி, பாலாடையில் ஊற்றி ஊற்றிப் புகட்டினாள். ஆரஞ்சு மணம் வீசும் மருந்து. தன்ஷிகா நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பரிசோதனைக்குப் புறப்பட்ட காலையில் பாட்டிலில் இருந்த கடைசித் துளிகளும் போயின. காலிப் பாட்டிலை மறுநாள் கைப்பையில் கொண்டுபோய்க் கம்பெனியின் ரிஜெக்ட் தொட்டியில் மூடிகளுக்கு அடியில் புதைத்தாள்.

அந்த வாசனையைத்தான் ஹெலன் பிடித்தாள்.

முடிவு வந்தது. எண் நன்றாக இருந்தது. சின்னராசுவின் கோபம் தணிந்தது. ஆனால் டாக்டரம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தினமும் மருந்து குடுத்தீங்களாம்மா?"

"ஒரு நாள்கூட விடல மேடம்."

"அப்போ ஏன் எலும்பு மாறவே இல்ல? ரத்தத்துல இருக்கு, எலும்புல இல்லையே!"

எடுத்த ரத்தத்தில் மிச்சம் வைத்திருந்ததை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வந்த அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் டி இரண்டு உருவத்தில் இருக்குமாம். ஒன்று, உடம்பு சேர்த்து வைத்திருப்பது. இன்னொன்று, எலும்பில் போய் வேலை செய்வது. முதலாவது சரியாக இருக்கிறது. இரண்டாவது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

"வேலைக்காரங்க கூட்டமா வாசல்ல நிக்கிறாங்க. ஆனா எலும்பு கதவைத் திறக்க மாட்டேங்குது. நீங்க சொந்தத்துலயா கட்டினீங்க?"

"என் அத்த பொண்ணுதான் மேடம்" என்றான் சின்னராசு.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அதான். இது பிறவியிலேயே வர்றது. இந்தச் சொட்டு இவளுக்கு வேலை செய்யாது. நிறுத்திடுங்க. கால்சியத்தை நரம்பு வழியா ஏத்தணும். சென்னைக்கு எழுதித் தர்றேன். அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு இருக்கு, யோசிச்சுக்கோங்க."

செண்பகத்தின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பிறவியிலேயே. அப்படியென்றால் யார் தப்பும் இல்லை. அவள் கொடுத்திருந்தாலும் இதுதான், கொடுக்காவிட்டாலும் இதுதான். அந்த நிமிஷத்தில் அவள் நெஞ்சில் இறங்கியது துக்கம் என்று எழுத ஆசை. இல்லை, நிம்மதி. தாய் ஒருத்திக்கு அப்படியும் ஒரு நிம்மதி வருமா? வந்ததே!

வீடு மாறிப்போனது. சின்னராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒன்ன போய் திட்னனே செண்பகம். நம்ப தலையெழுத்துடி." சுமலதா மீன்குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். "துன்னு. நீ ஒடம்பக் கெடுத்துக்காத. ஆண்டவன் பண்ணதுக்கு நீ இன்னா செய்வ?" என்று தானே பிசைந்து கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் செண்பகத்துக்குக் கிடைக்காத பரிவு, குழந்தையின் கால் வழியாகக் கிடைத்தது.

சென்னைக்கு ஒரு தரம் போனார்கள். குழந்தையின் கையில், காலில், கடைசியில் தலையில் நரம்பு தேடினார்கள். அந்த அழுகையைத் தாங்க முடியாமல் சின்னராசு மறுபடி அழைத்துப் போகவில்லை. "பொறவிலயே வந்தத எதுக்குக் குத்திக் குத்தி ரணமாக்கணும்? இருக்கற வரைக்கும் நம்ப மடியில இருக்கட்டும்." மாதங்கள் போயின. தன்ஷிகா தரையில் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்தாள். விலா எலும்புகளின் முனைகள் மணிமணியாக உருண்டு நின்றன. மூடிய கதவுக்கடியில் ஒரு விரல் அகலத்துக்கு வரும் வெயிலில் கையை வைத்து விளையாடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஹெலன். சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள்.

"சீக்கிரம் உள்ள வாம்மா, கரி வருது" என்றாள் சுமலதா. சின்னராசு எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டான்.

"டாக்டரம்மாதான் அனுப்புனாங்க" என்று ஹெலன் தொடங்கினாள். "உங்க போனுக்குப் போட்டா போவல. ஒரே ஒரு கேள்விதான். மெட்ராஸ்ல ஒரு பெரிய டாக்டர்கிட்ட பாப்பா ரிப்போர்ட்ட காட்டி இருக்காங்க. அவரு சொன்னாராம், இதே மாரி நம்பரு இன்னொரு விதத்துலயும் வரும்னு. மருந்தே குடுக்காம இருந்துட்டு, டெஸ்டுக்கு நாலஞ்சு நாளு முன்னால திடீர்னு குடுத்தாலும் ரத்தத்துல ரெண்டும் ஏறி நிக்குமாம். எலும்புக்கு மட்டும் நேரம் பத்தாதாம். அப்பிடி எதுனா நடந்துச்சான்னு கேக்கச் சொன்னாங்க."

சின்னராசு டிவியை அணைத்தான்.

"அப்பிடி நடந்திருந்தா?" என்று கேட்டது சுமலதா.

"நடந்திருந்தா நல்லதுக்கா! பொறவி வியாதியே இல்ல அது. மறுபடி சொட்டு ஆரம்பிச்சா கொழந்த நடக்கும். ஆனா டாக்டரம்மா பாத்து, ரத்தம் எடுத்து எடுத்துத்தான் குடுக்கணும். கடையில வாங்கி நாமளே ஊத்துனா கிட்னி பூடும். அதுக்குத்தான் உண்மை தெரியணுங்கறாங்க."

கொழந்த நடக்கும். இரண்டே சொற்கள். சொல், சொல் என்று செண்பகத்துக்கு உள்ளே யாரோ கத்தினார்கள். அவள் நிமிர்ந்தாள். எதிரே சின்னராசுவின் முகம். அவள் கையைப் பிடித்து அழுத முகம்.

அவன்தான் பேசினான். அவளுக்காகவே பேசினான், பாவம்.

"இன்னாம்மா ஹெலனு இப்பிடிக் கேக்குற? ஒரு நாளு விடாம குடுத்தவம்மா இவ. நான் அன்னிக்கி வாய் தவறிச் சொன்னதுக்கே ராவெல்லாம் அழுதா. பெத்தவ அப்பிடிச் செய்வாளா? செஞ்சா அவ மனுசியா?"

சுமலதாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமா, அப்பிடிச் செஞ்சிருந்தா நானே புள்ளையத் தூக்கினு போயிருப்பேன். இந்த வாசப்படிய மிதிக்க உட்டிருக்க மாட்டேன்."

ஹெலன் அவர்களைப் பார்க்கவில்லை. செண்பகத்தையே பார்த்தாள்.

"நீ சொல்லுக்கா. அன்னிக்கி... அந்த ஆரஞ்சு வாசன. அது மிட்டாயா?"

குழந்தை உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தது. பிடித்து எழ முயன்றது. வளைந்த கால்கள் ஒரு கணம் தாங்கின, பிறகு மடிந்தன. தொப்பென்று விழுந்து, வலியைவிட வியப்போடு அம்மாவைப் பார்த்தது.

செண்பகம் குனிந்து அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இந்தக் கனத்தை விடுவதா? இந்தப் பால் மணத்தை, கழுத்தைக் கட்டிய இந்தப் பிஞ்சுக் கையை? சொன்னால் குழந்தை நடக்கும், ஆனால் அவளிடம் நடந்து வராது. சொல்லாவிட்டால் நடக்காது, ஆனால் இங்கேயே இருக்கும்.

"மிட்டாய்தான்" என்றாள்.

ஹெலன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்ற சின்னராசுவிடம் தலையை அசைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். செண்பகம் குழந்தையோடு பின்னாலேயே வந்தாள். செருப்பை மாட்டும்போது ஹெலன் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான் சாயங்காலம் வரைக்கும் டாக்டரம்மாவுக்கு போன் பண்ண மாட்டேன். லேப் போன் நம்பரு ஒங்கிட்ட கீது இல்ல?"

"கீது."

நாளைக்குப் பேசிவிடலாம் என்று செண்பகம் நினைத்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் தெரியாமல். நாளைக்குக் கட்டாயம். இதே நாளையைத்தான் அவள் அரிசி டின்னுக்குப் பின்னால் மாதக்கணக்கில் வைத்திருந்தாள்.

ஹெலன் படியிறங்கினாள். திறந்த கதவு வழியே ஞாயிற்றுக்கிழமை வெயில் உள்ளே சாய்ந்து, தன்ஷிகாவின் வளைந்த கால்களின்மேல் விழுந்தது. குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தது.

"கதவச் சாத்துடி, கரி வருது" என்று உள்ளேயிருந்து சுமலதா குரல் கொடுத்தாள்.

செண்பகம் கதவைச் சாத்தினாள்.